குளிர்மலைக்குப் பை கட்டுவோர் கவனத்திற்கு

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் பல்கலைக்கழக விடுதிகளில் இரண்டு பேச்சுகள்தாம் கேட்கும். ஒன்று தேர்வு. மற்றொன்று, தேர்வு முடிந்ததும் எங்கே போவது என்பது. அண்மைக் காலமாக அந்த இரண்டாவது பேச்சில் மலைகளின் பெயர்கள் அதிகம் அடிபடுகின்றன. கினபாலு பழையதாகிவிட்டதாம், இப்போது கேதார்காந்தா, சந்தக்ஃபூ, அன்னபூர்ணா என்கிறார்கள். கொரியாவின் ஹல்லாசானுக்குப் போய் வெண்பனியில் படம் எடுத்துக்கொண்டு வந்தவர்களும் நம்மிடையே உண்டு. புறப்படும் முன் என்னிடம் வந்து, "அண்ணா, என்னென்ன வாங்கணும்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இந்த ஆண்டு மலருக்கே எழுதித் தருகிறேன். நான் மலையேற்ற வல்லுநன் அல்லன். ஒருமுறை தவறாகப் பை கட்டிக்கொண்டு போய், கூட வந்த நண்பனைப் பறிகொடுக்கப் பார்த்தவன். என் தகுதி அவ்வளவுதான்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். நமக்குக் குளிர் தெரியாது. சிங்கப்பூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 19 டிகிரி செல்சியஸ். 1989 பிப்ரவரி 14ஆம் நாள் அது பதிவானது. விரிவுரை அரங்கின் குளிர்சாதனத்துக்கு அஞ்சிக் கம்பளிச்சட்டை கொண்டுபோகும் கூட்டம் நாம். ஆகவே குளிர்மலை என்றதும் நம் மனம் ஒரே ஒரு முடிவுக்குத்தான் வரும்: எவ்வளவு தடிமனாக முடியுமோ அவ்வளவு தடிமனாக ஒரு மேலங்கி வாங்க வேண்டும். நானும் அப்படித்தான் சிராங்கூன் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். என் அறைத்தோழனும் நானும் ஆளுக்கொரு மெத்தை போன்ற மேலங்கியை வாங்கிக்கொண்டு, இமயமே இனி நம் கையில் என்ற நினைப்போடு பூனை இறைச்சிக் கடையைக் கண்டதுபோலச் சிரித்துக்கொண்டு விடுதி திரும்பினோம்.

அந்த மேலங்கிதான் பிறகு அவனுக்கு எமனாக வரப் பார்த்தது.

நடந்ததைச் சொல்வதற்கு முன் ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம். தமிழ்ப் பேரவை மலர் ஆயிற்றே, பொறுத்துக்கொள்ளுங்கள். 'பனி' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் எத்தனையோ பொருள்களைச் சொல்கிறோம். அதிகாலையில் புல்நுனியில் நிற்பதும் பனி. சாலையை மறைப்பதும் பனி. வானத்திலிருந்து பஞ்சாக விழுவதும் பனி. பாறைமேல் கண்ணாடிபோல் படிவதும் பனி. முன்பனி, பின்பனி என்று பருவத்தையே இரண்டாக வகுத்த நம் முன்னோர் தம் நிலத்தில் கண்டது பெரும்பாலும் முதல் இரண்டு வகைதான். அவர்களுக்கு அது போதும். மலையேறுபவனுக்குப் போதாது. கடுங்குளிரில் விழும் உலர்ந்த வெண்பனியைத் தோளிலிருந்து தட்டிவிட்டால் உதிர்ந்துவிடும். வெப்பநிலை சுழியை ஒட்டி இருக்கும்போது விழும் ஈரப்பனி துணியில் உருகி ஊறிவிடும். பலர் மிதித்து இறுகி, இரவில் உறைந்த பாதைப்பனியோ எண்ணெய் தடவிய பளிங்குபோல் வழுக்கும். மூன்றும் மூன்று வகை ஆபத்து. மூன்றுக்கும் பையில் இருக்க வேண்டிய பொருள்கள் வேறு. சுழிக்குக் கீழே 10 டிகிரியில் காற்றில்லாத உலர்ந்த நாளைவிட, சுழி டிகிரியில் காற்றோடு ஈரப்பனி விழும் நாள் ஆளை விரைவாக வீழ்த்தும் என்பதை நான் வழிகாட்டியிடம்தான் கற்றேன்.

சென்ற ஆண்டு டிசம்பரில் நாங்கள் நால்வர் உத்தராகண்டில் உள்ள கேதார்காந்தாவுக்குப் போனோம். டேராடூனிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஒரு பகல் முழுவதும் வண்டியில் குலுங்கினால் சாங்க்ரி என்ற சிற்றூர் வரும். அது கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,950 மீட்டர் உயரம். சிகரம் சுமார் 3,800 மீட்டர். குளிர்காலத்தில் ஏறக்கூடிய எளிய மலை என்று பெயர் பெற்றது. 'எளிய' என்ற சொல்லை நம்பியவர்களில் நாங்களும் அடக்கம்.

இரண்டாம் நாள், ஜூடா கா தாலாப் என்ற உறைந்த குளத்தருகேயிருந்து மேல்முகாமுக்கு ஏறினோம். வெயில் நன்றாக அடித்தது. அறைத்தோழன் விடுதி அறிமுக வாரத்தில் கொடுத்த பருத்திச் சட்டையை உள்ளே போட்டு, மேலே அந்த மெத்தை மேலங்கியை மாட்டியிருந்தான். "கழற்றுடா, வேர்க்குதில்ல?" என்றேன். "கழற்றினா குளிரும் மச்சி" என்றான். இரண்டரை மணி நேரம் ஏறினோம். முகாமை அடைந்ததும் கீழே கிடந்த காட்சியைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் நின்று படம் எடுத்தோம். மூன்று மணிக்கு மேல் வெயில் முகட்டின் பின்னால் போனது, காற்று எழுந்தது.

அவன் நடுங்கத் தொடங்கினான். நாங்கள் சிரித்தோம். பிறகு மேலங்கியின் இழுவையை மூட முயன்று முயன்று தோற்றான், விரல்கள் ஒத்துழைக்கவில்லை. பேச்சு குழறியது. விளையாட்டாக, "நம்ம அறை எண் என்ன, சொல்லு பார்ப்போம்" என்றேன். கொஞ்சம் யோசித்து, தேசிய சேவைக் காலத்தில் அவன் தங்கியிருந்த படைமுகாம் அறையின் எண்ணைச் சொன்னான். அதற்குள் நடுக்கம் குறைந்திருந்தது. தேறிவிட்டான் என்று நான் நினைத்தேன். நடுக்கம் குறைந்ததைக் கண்டதும்தான் வழிகாட்டியின் முகம் மாறியது.

மருத்துவர்கள் இதை ஹைப்போதெர்மியா என்பார்கள். உடலின் உள்வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35-க்குக் கீழே இறங்குவது. நடுக்கம் என்பது தசைகள் தாமாகவே அசைந்து வெப்பம் உண்டாக்கும் முயற்சி. உடல் சூடாகாமலேயே அது நின்றுபோனால், உடல் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதற்கு முன்பே கை தடுமாறும், நடை தள்ளாடும், வாய் குழறும், புத்தி மழுங்கும். கொடுமை என்னவென்றால், புத்தி மழுங்கியவனுக்குத் தன் புத்தி மழுங்கியது தெரியாது. "எனக்கு ஒண்ணுமில்ல" என்றுதான் அவன் சொல்வான். கூட இருப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வழிகாட்டி அவனைக் கூடாரத்துக்குள் இழுத்துச் சென்றார். முதல் வேலையாக நனைந்த சட்டையைக் கழற்றினார். பிழிந்தால் வடியும் அளவுக்கு அது வியர்வையில் ஊறியிருந்தது. உலர்ந்த உடையை மாட்டி, தரைக்குளிர் ஏறாமல் இரண்டு விரிப்புகளைப் போட்டு, தூக்கப்பைக்குள் படுக்க வைத்தார். வெந்நீர் நிரப்பிய புட்டிகளைக் காலுறையில் சுற்றி அக்குளிலும் மார்பருகிலும் வைத்தார். நான் அவன் கைகால்களைத் தேய்த்துவிடப் போனேன். வேண்டாம் என்று தடுத்தார். தேய்த்தால் தோலுக்கும் கேடு, இதயத்துக்கும் கேடு. அவன் சரியாக விழுங்குகிறான் என்று உறுதியான பிறகே சர்க்கரை அதிகம் போட்ட தேநீர் கொடுத்தார். ஒரு மணி நேரம் கழித்து அவன் மீண்டும் நடுங்கினான். அந்த நடுக்கத்தைக் கண்டு நான் அடைந்த மகிழ்ச்சியைத் தேர்வு முடிவு பார்த்தும் அடைந்ததில்லை. சரியான அறை எண்ணை அவன் சொன்னபோது எங்களுடன் வந்த அக்கா ஒருவர் அழுதேவிட்டார். மறுநாள் அவன் சிகரத்துக்கு வரவில்லை. நாங்களும் போகவில்லை.

இதில் பாடம் என்ன? மேலங்கி மெல்லியதாக இருந்ததால் இது நடக்கவில்லை. அவனை வீழ்த்தியது அவனுடைய வியர்வை. நீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக உடல்வெப்பத்தைக் கடத்திச் செல்லும். பருத்தி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். குளிரில் எளிதில் உலராது. நம் ஊரில் அதே பருத்தியை விரும்பி உடுத்துவது ஏன் தெரியுமா? ஈரத்தைப் பிடித்துவைத்து உடலைக் குளிர்விப்பதால்தான். இங்கே நமக்கு நன்மை செய்யும் குணமே அங்கே பகையாகிறது. ஜீன்ஸும் பருத்திதான். விமான நிலையத்தில் போட்டுக்கொள்ளுங்கள், அடிவாரத்தில் விட்டுவிடுங்கள்.

ஆகவே உடையை அடுக்காக நினையுங்கள். தோலை ஒட்டி, வியர்வையை வெளியே கடத்தும் மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் சட்டை. அதன்மேல் காற்றைச் சிறைப்பிடிக்கும் ஃபிலீஸ். எல்லாவற்றுக்கும் மேலே, காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் மெல்லிய வெளியங்கி. இந்த மூன்றையும் ஏறும்போது கழற்றியும் மாட்டியும் வெப்பத்தைச் சரிசெய்துகொண்டே போக வேண்டும். புறப்படும்போது சற்றுக் குளிர்வதுபோல் இருந்தால்தான் சரி. பத்து நிமிடத்தில் உடல் சூடாகிவிடும். நின்றதும், குளிர் தெரிவதற்கு முன்பே, தடித்த மேலங்கியை எடுத்து மேலே போட வேண்டும். தடித்த மேலங்கியின் வேலை அது ஒன்றே: நிற்கும்போது போட்டுக்கொள்வது. முகாமில் மாற்றிக்கொள்ள ஓர் உலர்ந்த உள்ளுடை, ஓர் இணை காலுறை ஆகியவற்றை நெகிழிப்பையில் கட்டித் தனியே வையுங்கள். எவ்வளவு ஆசை வந்தாலும் அவற்றை நடக்கும்போது போடாதீர்கள்.

தடித்த மேலங்கிகளில் சிறந்தது பறவையின் மென்சிறகு நிரப்பியது. ஆங்கிலத்தில் டவுன் என்கிறார்கள். நமக்கு அழகான பழஞ்சொல் இருக்கிறது: தூவி. அன்னத்தின் தூவி நிரப்பிய மெத்தையைப் பழந்தமிழர் அறிந்திருந்தார்கள். குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளல் பேகனை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். இன்று நாம் பறவையிடமிருந்தே போர்வையை வாங்கிக்கொண்டு மலையேறுகிறோம்; பேகன் பார்த்தால் என்ன சொல்வானோ! தூவி சூடு தருவது அதனிடையே தங்கும் காற்றினால். நனைந்தால் அது ஒட்டிக்கொண்டு பயனற்றுப் போகும். மழை, ஈரப்பனி எதிர்பார்க்கும் இடத்துக்குச் செயற்கை இழை நிரப்பியதே நல்லது.

காற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நம் இலக்கியத்தின் வாடை பிரிந்தவர்களை வாட்டும். மலையின் வாடை சேர்ந்து நடப்பவர்களையும் விடாது. சுழிக்குக் கீழே 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால், மூடாத தோலுக்கு அது சுழிக்குக் கீழே 20 டிகிரி போலத் தாக்கும். உயரம் 1,000 மீட்டர் கூடக் கூட வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். சாங்க்ரியில் 5 டிகிரி என்று கைப்பேசி காட்டினால், சிகரத்தில் சுழிக்குக் கீழே 7 என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம், காற்றைச் சேர்க்காமல்.

"நல்ல பருவத்தில்தானே போகிறோம்" என்று சொல்பவர்களுக்கு ஒரு புயலைப் பற்றிச் சொல்கிறேன். 2014 அக்டோபர் 12ஆம் நாள் ஹுட்ஹுட் புயல் வங்கக் கடலிலிருந்து விசாகப்பட்டினத்தருகே கரை கடந்தது. வலுவிழந்த அதன் மிச்சம் வடக்கே நகர்ந்து, இரண்டே நாளில் நேபாளத்தின் அன்னபூர்ணா, தவுளகிரிப் பகுதிகளில் பெரும் பனிப்பொழிவாக இறங்கியது. அக்டோபர் அங்கே மலைநடைக்கு உச்சப் பருவம். 5,416 மீட்டர் உயரமுள்ள தோரோங் கணவாயை அன்று கடந்துகொண்டிருந்தவர்கள் வழி தெரியாமல் சிக்கினார்கள். கணவாயின் உச்சியில் இருந்த சிறு தேநீர்க் குடிலில் பலர் ஒதுங்கினார்கள். இறங்கிவிடலாம் என்று புறப்பட்டவர்களில் பலர் வழியிலேயே விழுந்தார்கள். பனிச்சரிவிலும் குளிரிலுமாக 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் புயல் என்று செய்தி வந்தால் இமயத்தில் நடப்பவனும் காது கொடுக்க வேண்டும் என்பதை எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? 2024 ஜூன் மாதத்தில், கோடையில், உத்தராகண்டின் சகஸ்திர தால் பகுதியில் கர்நாடகத்திலிருந்து சென்ற குழுவினர் திடீர் பனிப்புயலில் சிக்க, 9 பேர் இறந்தார்கள். மாதத்தின் பெயரைப் பார்த்துப் பை கட்டக் கூடாது.

கை, கால், தலை. கையுறை இரண்டு இணை வேண்டும்: உள்ளே மெல்லியது, வெளியே நீர்புகாத பெரியது. ஓர் இணை நிச்சயம் தொலையும் அல்லது நனையும். காலணி வாங்கக் கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் போங்கள். தடித்த காலுறையோடு விரலை அசைக்க இடம் இருக்க வேண்டும். இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து விரல் மரக்கும். சூட்டுக்காக இரண்டு காலுறைகளைத் திணித்துக் காலை உறையவைத்தவர்கள் உண்டு. பாட்டி கொடுக்கும் குரங்குக் குல்லாவைக் கேலி செய்யாதீர்கள். காது, கழுத்து, கன்னம் மூன்றையும் அதுபோல் மூடுவது வேறில்லை. உறைந்த பாதைக்குக் காலணியில் மாட்டும் முள்சங்கிலியும், பனி காலணிக்குள் புகாமல் தடுக்கும் கெய்ட்டரும் சாங்க்ரியிலேயே வாடகைக்குக் கிடைக்கும்.

கறுப்புக் கண்ணாடி அலங்காரப் பொருள் என்று நினைத்திருந்தேன். புதிதாக விழுந்த வெண்பனி புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அடிக்கும். கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் நடந்தால் இரவில் கண்ணில் மணல் போட்டதுபோல் எரியும். தற்காலிகமாகப் பார்வையே மங்கும். மாநிறமான நமக்கு வெயில் களிம்பு எதற்கு என்ற வீரமும் வேண்டாம். வெயில் கீழிருந்தும் வருவதால் மூக்கின் அடிப்புறமும் தாடையின் அடிப்புறமும் தோலுரியும்.

பொருள்களை மலையில் சோதிக்க வேண்டியதில்லை. நம் வீவக வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் ஃபிரீசர் சுழிக்குக் கீழே 18 டிகிரி வரை போகும். வழியில் தின்னக் கொண்டுபோகும் பண்டங்களை ஓரிரவு அதில் வைத்து, மறுநாள் காலை கடித்துப் பாருங்கள். சாக்லெட் கல்லாகிவிடும். பேரீச்சம்பழம் இறுகினாலும் மெல்ல வரும். முறுக்குக்கும் வறுத்த கடலைக்கும் எந்தக் கேடும் இல்லை. பொரிவிளங்காய் உருண்டை சாதாரண நாளிலேயே பல்லைப் பதம் பார்ப்பது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. தலைவிளக்கையும் அப்படியே வைத்துப் பாருங்கள். சாதாரண மின்கலம் சோர்ந்து போவதையும் லித்தியம் மின்கலம் தாக்குப்பிடிப்பதையும் நேரில் காணலாம். இரவில் மின்கலங்களையும் கைப்பேசியையும் தூக்கப்பைக்குள் உங்களோடு படுக்க வையுங்கள். தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாக வையுங்கள். நீர் மேலிருந்து உறைவதால் மூடித்திறக்கும் வாய் உறையாமல் இருக்கும்.

தேக்கா நிலையத்தின் மாடியில் துணி தைக்கும் ஒருவரிடம் என் மேலங்கி, பை, கூடாரப்பை அனைத்தின் இழுவைகளிலும் விரல்நீளக் கயிறு வைத்துத் தைத்து வாங்கினேன். சில வெள்ளிதான் செலவு. கையுறையைக் கழற்றாமலேயே திறந்து மூடலாம். முஸ்தபாவில் உலர்பழங்கள், வெந்நீர்க் குடுவை, உப்பு-சர்க்கரைப் பொட்டலம் எல்லாம் ஒரே நடையில் முடியும். நீர்புகாப் பைகள், தலைவிளக்கு, கயிறு போன்றவற்றுக்குப் பீச் ரோட்டில் உள்ள கோல்டன் மைல் உணவங்காடிக் கட்டடத்தின் படைவீரர் பொருள் கடைகள் இருக்கின்றன. தேசிய சேவை செய்தவர்களுக்கு வழி சொல்லத் தேவையில்லை.

கூடாரத்துக்குள்ளோ மூடிய அறைக்குள்ளோ அடுப்பு எரிக்காதீர்கள். 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலையூரில், கேரளத்திலிருந்து சுற்றுலா சென்ற 8 பேர், அவர்களில் நால்வர் குழந்தைகள், குளிருக்காக எரிவாயுக் கணப்பை ஏற்றி அறையை மூடிக்கொண்டு உறங்கி, மீண்டும் எழவே இல்லை. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குளிர்காய மது அருந்துவதும் அறியாமை. தோலுக்கு ஓடும் இரத்தத்தை அது கூட்டுவதால் சூடு போலத் தோன்றும்; உள்வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கும்.

உயரத்தைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். சுருக்கமாக: 3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வோர் இரவும் உறங்கும் உயரத்தை 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். தலைவலியோடு குமட்டலோ தள்ளாட்டமோ வந்தால் ஏறாதீர்கள். கூடினால் இறங்குங்கள், இரவானாலும். மாத்திரை தேவையா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், நண்பனிடம் கேட்காதீர்கள். பயணக் காப்புறுதி வாங்கும்போது எத்தனை மீட்டர் உயரம் வரை அது செல்லும் என்ற சிறிய எழுத்து வரியைப் படியுங்கள். வெளியுறவு அமைச்சின் இணையத்தளத்தில் பயணத்தைப் பதிவு செய்யுங்கள்.

163 மீட்டர் புக்கிட் தீமாவை வைத்துக்கொண்டு என்ன பயிற்சி செய்வது என்று சலிப்பவர்களுக்கு: 1998 மே 25ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியில் நின்ற முதல் சிங்கப்பூர்க் குழுவினரும் இந்தத் தீவில் வளர்ந்த பயணம்தான் அது. 2012 மே மாதம் அதே உச்சியை அடைந்த மருத்துவர் குமரன் ராசப்பனும் நம் பல்கலைக்கழகத்தில் படித்த தமிழர். அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம் வரை, கட்டிய பையோடு வாரம் மூன்று முறை ஏறுங்கள். பை எங்கே உறுத்துகிறது, எது கைக்கெட்டவில்லை என்பதெல்லாம் பத்தாவது மாடியில் தெரிந்துவிடும்.

என் அறைத்தோழன் இந்த டிசம்பரில் மறுபடி சாங்க்ரிக்குப் போகிறான். அந்த மெத்தை மேலங்கி பையின் மேற்புறத்தில், நிற்கும்போது எடுக்க வாகாக இருக்கிறது. விடுதிச் சட்டையைக் கொண்டுபோகவில்லை. என்னிடம் உபரியாக ஓர் இணை வெளிக்கையுறையும் ஃபிலீஸ் ஒன்றும் இருக்கின்றன. போகிறவர்கள் பேரவை அறையில் வந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம். துவைத்து, நன்றாக உலர்த்தித் திருப்பித் தந்தால் போதும்.